டர்போ கார், ட்யூனிங் ஆசை: பவர் கூடும், பாக்கெட் தாங்குமா?



நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக்கடன் பத்தியெல்லாம் பேசியிருக்கோம். ஆனா தீபாவளி போனஸ் வர்ற நேரத்துல நம்ம வயசுப் பசங்க கிட்ட இருந்து வர்ற கேள்வியே வேற. "சார், டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்கேன். ஸ்டேஜ் 1 பண்ணலாமா, ட்யூனிங் பாக்ஸ் போதுமா? எது வேல்யூ ஃபார் மணி?"

கேட்டவர் எங்க ஊர்ப் பக்கம், திருவாலங்காடு. வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில. ஷிப்ட் நேரத்துக்கு ரயில் ஒத்து வராது. அரக்கோணம் லைன்ல மணவூர், கடம்பத்தூர்னு நின்னு நின்னு போற வண்டி திருவள்ளூருக்கும் சென்னைக்கும் சரி. பேரம்பாக்கம் வழியா தெற்கே போறவங்களுக்கு ரோடுதான் கதி. அதனால ஒரு வருஷம் முன்னாடி 8 லட்சம் கடன் போட்டு 1 லிட்டர் டர்போ கார் எடுத்திருக்கார். வட்டி 9.5 சதவீதம், 5 வருஷம், மாச இ.எம்.ஐ. சுமார் 16,800 ரூபாய்.

இந்தக் கேள்வியை "வேணாம் தம்பி, எஸ்.ஐ.பி. போடு" என்று ஒரே வரியில முடிச்சிடலாம். அது பதில் இல்லை. சம்பாதிக்கிறவன் தனக்குப் பிடிச்சதுல கொஞ்சம் செலவு பண்ணக் கூடாதுன்னு எந்த ஆடிட்டரும் சொல்ல முடியாது. ஆனா எதை வாங்குறோம், அதோட முழு விலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கணும். கடைக்காரர் சொல்ற விலை ஒரு பகுதிதான். மீதியை இன்னைக்கு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

டர்போ ஏன் இவ்வளவு சுலபமா ட்யூன் ஆகுது?

சாதாரண எஞ்சின் காத்தைத் தானா உறிஞ்சிக்கும். டர்போ எஞ்சின்ல வெளியேறுற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுத்தும். அந்த விசிறியோட மறுமுனை காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா எரிபொருளும் கூடலாம், சக்தியும் கூடும். 1905-ல சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் புய்ஹி காப்புரிமை வாங்கின யோசனை இது.

இதுல எவ்வளவு அழுத்தம் கொடுக்கணும், எப்போ தீப்பொறி போடணும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு முடிவு பண்றது இ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர். சாதாரண எஞ்சின்ல இந்தக் கம்ப்யூட்டரை மாத்தினாலும் கிடைக்கிறது கொஞ்சம்தான், ஏன்னா காத்தோட அளவு மாறாது. டர்போல காத்தோட அளவையே சாஃப்ட்வேர் தீர்மானிக்குது. அதனாலதான் ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரத்துல "20, 25 சதவீதம் பவர் கூட்டித் தர்றோம்"னு சொல்ல முடியுது.

அப்போ கம்பெனிக்காரன் ஏன் அந்த 20 சதவீதத்தை விட்டு வச்சான்? கஞ்சத்தனம் இல்லை. அதே கார் மே மாச வேலூர் வெயிலிலும் ஓடணும், குளிர்காலச் சிம்லாவிலும் ஓடணும். ஏதோ ஒரு கிராமத்து பங்க்ல போட்ட சுமாரான பெட்ரோல்லயும் ஓடணும். ஆயில் மாத்த ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாமதமானாலும் தாங்கணும். புகைச் சோதனையில தேறணும். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் வாரண்டி முடியுற வரைக்கும் கம்பெனி கைக்காசு போகாம இருக்கணும். நீங்க ட்யூனிங்ல வாங்குறது இந்தப் பாதுகாப்பு இடைவெளியோட ஒரு பகுதியைத்தான். நம்ம பாஷையில சொன்னா எமர்ஜென்சி ஃபண்டை எடுத்து ஷேர் வாங்குற மாதிரி. தப்புன்னு சொல்லல. ஆனா அது சும்மா கிடந்த பணம்னு நினைச்சா அங்கதான் சிக்கல்.

இன்னொரு வரி விஷயமும் சொல்லிடறேன். நம்ம நாட்டுல 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போ இவ்வளவு பெருகினதுக்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள்ள, 1,200 சி.சி.-க்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டினா 40 சதவீதம். அதனால சின்ன எஞ்சின்ல பெரிய எஞ்சின் வேலையை வாங்கணும்னு கம்பெனிகளே டர்போவை ஏத்தி ஓரளவு கசக்கித்தான் விக்கிறாங்க. ஏற்கெனவே கசக்கின எலுமிச்சையைத்தான் நாம மறுபடி பிழியப் போறோம்.

கடையில கிடைக்கிற வழிகள்

*1. பெடல் பாக்ஸ்.* ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மாட்டுற சின்னக் கருவி. நீங்க 30 சதவீதம் மிதிச்சா 50 சதவீதம் மிதிச்சதா சொல்லும். எஞ்சினோட சக்தி ஒரு குதிரை கூடக் கூடாது. முழுசா மிதிச்சா பழைய காரும் இதுவும் ஒண்ணுதான். "கார் பறக்குது சார்"னு சொல்றவங்கள்ல சிலர் இதைத்தான் மாட்டியிருப்பாங்க. உங்க கார்ல ஸ்போர்ட் மோட் இருந்தா, ஏறக்குறைய இதே உணர்வு இலவசமா இருக்கு. முதல்ல அதைப் போட்டுப் பாருங்க.

*2. ட்யூனிங் பாக்ஸ், அதாவது பிக்கிபேக்.* சென்சார்ல இருந்து வர்ற தகவலை இடைமறிச்சு மாத்திக் கொடுக்கும். டர்போ அழுத்தம் உண்மையில இருக்கிறதை விடக் குறைவா இருக்குன்னு கம்ப்யூட்டரை நம்ப வைக்கும். அது இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தோட பவர்ட்ரானிக் இந்த பிக்கிபேக் வகையில நம்ம ஊர் பைக் பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். நல்ல பக்கம் என்னன்னா, கழட்டலாம். கார் விக்கும்போது தனியா வித்துடலாம். கெட்ட பக்கம், எஞ்சினோட மூளைக்குப் பொய்த் தகவல் போகுது. அது எல்லா நேரமும் சரியாப் பொருந்தும்னு சொல்ல முடியாது.

*3. ஸ்டேஜ் 1 ரீமேப்.* கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரையே மாத்தி எழுதுறது. காரோட பாகம் எதையும் மாத்த வேணாம். டர்போ அழுத்தம், தீப்பொறி நேரம், பெட்ரோல் அளவு, டார்க் வரம்பு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து மாத்தறதால பாக்ஸை விட இதுதான் ஒழுங்கான வேலை. ஆனா எழுதுறவர் கையைப் பொறுத்தது. உங்க காருக்குன்னு டேட்டா பதிவு பண்ணி எழுதுறது ஒரு வகை. வெளிநாட்டுல 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதின ரெடிமேட் ஃபைலை ஏத்தி விடுறது இன்னொரு வகை. ரெண்டுக்கும் ஒரே விலை கேக்கிறவங்களும் இருக்காங்க.

*4. ஸ்டேஜ் 2.* சாஃப்ட்வேரோட சேர்த்து காத்து வர்ற வழி, புகை போற குழாய், இன்டர்கூலர் எல்லாம் மாறும். பல நேரம் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துடுவாங்க. டீசல் கார்ல டி.பி.எஃப். வடிகட்டியையும் சேர்த்து. இங்க சட்டப் பிரச்சினை தெளிவாவே ஆரம்பிக்குது. கீழ சொல்றேன்.

*5. ஸ்டேஜ் 3.* டர்போவையே பெருசா மாத்தறது. இது ரேஸ் கார் வேலை. தினமும் ஆபீஸ் போற காருக்கு இதைப் பத்திப் பேசவே வேணாம்.

*6. கம்பெனியே பண்ணிக் கொடுத்த ட்யூனிங்.* இதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்லை. மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ.-வை எடுத்துக்கோங்க. அதே 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல்ல ரெண்டு விதம். ஒண்ணு சுமார் 111 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். இன்னொண்ணு நேரடி எரிபொருள் தெளிப்போட சுமார் 130 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு ஸ்டேஜ் 1 அளவு. ஆனா வாரண்டியோட, இன்சூரன்ஸோட, ஆர்.சி. புத்தகத்துல பதிவான எண்ணோட வருது. இன்னும் கார் வாங்காத நண்பர்களுக்கு என் முதல் பதில் இதுதான். பவர் வேணும்னா ஷோரூம்லயே வாங்கிடுங்க.

தாங்குறது எஞ்சின் மட்டும் இல்லை

எஞ்சின் பவரைக் கூட்டினா அந்தச் சுமையை வாங்குறது கிளட்ச்சும் கியர்பாக்ஸும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள்ல வர்ற 1 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின் 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர். அதோட வர்ற மேனுவல் கியர்பாக்ஸ் குடும்பத்தோட பேர்லயே எம்.க்யூ.200-னு இருக்கும்; சுமார் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்குன்னு வடிவமைச்சது. ஸ்டேஜ் 1 விளம்பரங்கள்ல சொல்ற டார்க் பொதுவா இந்த 200-ஐத் தாண்டித்தான் இருக்கும்.

அதே கம்பெனியோட 1.5 டி.எஸ்.ஐ. எஞ்சின் கம்பெனியில இருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர். அதோட வர்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி., உலர் கிளட்ச் வகை, டி.க்யூ.200. அதோட வடிவமைப்பு வரம்பும் 250 தான். அதாவது இடைவெளியே இல்லாம வருது.

வரம்பைத் தாண்டின அடுத்த நாளே கியர்பாக்ஸ் உடைஞ்சிடாது. வரம்புங்கிறது பல வருஷம், பல லட்சம் கியர் மாற்றங்களுக்குப் போட்ட கணக்கு. நீங்க அதைச் சுருக்கறீங்க, அவ்வளவுதான். எவ்வளவு சுருக்கறீங்கன்னு உங்களுக்கும் தெரியாது, ட்யூனருக்கும் தெரியாது. இந்த "தெரியாது"க்குத்தான் நிதிக் கணக்குல ரிஸ்க்னு பேர்.

இப்போ பேனாவை எடுப்போம்

நம்ம திருவாலங்காட்டு நண்பரையே வச்சுக் கணக்கு போடுவோம். கீழ இருக்கிற எண்களை உங்க எண்களோட மாத்திக்கோங்க.

ரீமேப் விலை 35,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 41,300. "பில் வேணாம்னா 35-லயே முடிச்சிடலாம்"னு சொன்னா சந்தோஷப்படாதீங்க. பில் இல்லைன்னா நாளைக்கு எஞ்சின்ல ஏதாவது ஆனா கேக்கிறதுக்கு உங்க கையில ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது. ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பண்ணி, கேட்கும் உரிமையை வித்துட்டு வர்றீங்க.

*மைலேஜ் கூடுமாம்ல?* இதுதான் விக்கிறவங்க கடைசியா எடுக்கிற அஸ்திரம். நம்ம நண்பர் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மாசம் 22 நாள் ஓட்டறார். வருஷத்துக்கு 21,120 கிலோமீட்டர். இப்போ லிட்டருக்கு 16 கிடைக்குதுன்னா 1,320 லிட்டர் வேணும். ரீமேப் பண்ணி 17 ஆச்சுன்னே வச்சுக்குவோம். 1,242 லிட்டர். மிச்சம் 78 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு ஏறக்குறைய 7,850 ரூபாய். போட்ட 41,300 திரும்பி வர அஞ்சே கால் வருஷம்.

அதுவும் சாதாரண பெட்ரோல்லயே ஓட்டினாத்தான். பவர் கூட்டின மேப்புக்குப் பல ட்யூனர்கள் 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்வாங்க. எஞ்சின் தட்டாம இருக்க அது தேவையும்கூட. லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல்னு வச்சா 1,242 லிட்டருக்கு 9,936 ரூபாய். மிச்சமான 7,850 போய், கையில இருந்து 2,000 ரூபாய்க்கு மேல கூடுதலாப் போகுது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பர்ல கொண்டுவந்த 100 ஆக்டேன் எக்ஸ்.பி.100 பக்கம் போனா கணக்கே வேற. அறிமுகமானபோதே டெல்லியில லிட்டர் 160 ரூபாய்.

இன்னொண்ணும் இருக்கு. பவர் கூடின காரைப் பழைய மாதிரியே மிதிச்சு ஓட்டுற ஆளை நான் இன்னும் பார்க்கல. அப்படி ஓட்டறதுன்னா எதுக்கு ட்யூனிங்? ஆகவே மைலேஜ் கணக்கைக் காகிதத்துல இருந்து அடிச்சிடுங்க. ரீமேப் ஒரு செலவு, முதலீடு இல்லை. செலவுன்னு ஒத்துக்கிட்டுப் பண்ணினா அது நேர்மையான முடிவு.

*அதே 41,300-ஐ வேற எங்க போடலாம்?*

- கார் கடன்லயே கட்டினா: இன்னும் 48 மாசம் பாக்கி, அசல் சுமார் 6.69 லட்சம் நிக்குது. 41,300 கட்டி இ.எம்.ஐ.-யைக் குறைச்சா மாசம் சுமார் 1,038 ரூபாய் குறையும். மொத்த வட்டி மிச்சம் சுமார் 8,500. பகுதி முன்கட்டணத்துக்கு பேங்க் அபராதம் போடுதான்னு மட்டும் முதல்ல கேளுங்க.
- 7 சதவீத வட்டியில 5 வருஷ டெபாசிட் போட்டா, ஆண்டுக் கூட்டு வட்டியில சுமார் 57,900 ரூபாய். வட்டிக்கு உங்க ஸ்லாப்படி வரி தனி.
- கிரெடிட் கார்ட் இ.எம்.ஐ.-ல ரீமேப் பண்ணினா: 15 சதவீதம், 12 மாசம். மாசம் சுமார் 3,728. வட்டி மட்டும் 3,430-க்கு மேல, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. ஏற்கெனவே கடன்ல இருக்கிற காருக்கு இன்னொரு கடன் போட்டுப் பவர் ஏத்தறது எந்தக் கணக்குலயும் தேறாது.

பெரிய கணக்கு: வாரண்டி, இன்சூரன்ஸ், சட்டம்

41,300 போனா போகட்டும்னு சொல்றவங்க இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கணும். உண்மையான விலை இங்கதான் ஒளிஞ்சிருக்கு.

*வாரண்டி.* "சர்வீஸுக்கு விடும்போது பழைய ஃபைலை ஏத்திட்டா யாருக்கும் தெரியாது"ன்னு சொல்வாங்க. இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்கள் எத்தனை தடவை எழுதப்பட்டதுன்னு எண்ணி வச்சுக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும சர்வீஸ் சென்டர்ல கருவியை மாட்டினா சாஃப்ட்வேர் கம்பெனிப் பதிப்போட ஒப்பிடப்படும், மாறியிருந்தா டி.டி.1 என்கிற குறி அந்த காரோட பதிவுல ஏறிடும். அப்புறம் எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ்னு எதுக்குப் போய் நின்னாலும் அந்தக் குறி முன்னாடி வந்து நிக்கும். கூடுதல் காசு கொடுத்து எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தா அந்தக் காசையும் செலவுக் கணக்குல சேர்த்துக்கோங்க.

*சட்டம்.* மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரம், தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்டதுல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. உங்க புது ஆர்.சி. கார்டை எடுத்துப் பாருங்க, சி.சி. பக்கத்துலயே குதிரைத்திறனும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைத்தான் நீங்க மாத்தறீங்க. 2019 திருத்தத்துல வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்து புகை வரம்பைத் தாண்டினா பிரிவு 190(2) தனியா வரும்: முதல் தடவைக்கே 10,000 வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

"யார் சார் ரோட்ல லேப்டாப் மாட்டிப் பார்க்கப் போறாங்க?" சரிதான். திருத்தணி ரோட்ல நிறுத்துற போலீஸ்காரர் உங்க சாஃப்ட்வேரைப் பார்க்க மாட்டார். பார்க்கிறவர் வேற ஒருத்தர்.

*இன்சூரன்ஸ்.* அந்த ஒருத்தர் சர்வேயர். சின்னக் கீறலுக்கு யாரும் தோண்ட மாட்டாங்க. பெரிய விபத்து, உயிர்ச்சேதம், முழு நஷ்டம்னு வரும்போது தோண்டுவாங்க. இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தோட அடிப்படையே முக்கிய விவரத்தை மறைக்கக் கூடாதுங்கிறதுதான். பவர் கூட்டின விவரத்தைச் சொல்லாம விட்டிருந்தா கிளெய்மை மறுக்க ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

இதை எண்ணா வச்சுப் பாருங்க. நம்ம நண்பரோட கார் முழு நஷ்டம்னு வச்சுக்குவோம். கிளெய்ம் வந்தா பேங்க் பாக்கி 6.69 லட்சத்தை அடைச்சு மேல கொஞ்சம் கையில நிக்கும். கிளெய்ம் மறுக்கப்பட்டா கார் இருக்காது. ஆனா 16,800 ரூபாய் இ.எம்.ஐ. இன்னும் நாலு வருஷம் இருக்கும். எதிர்ல வந்தவருக்குக் காயமானா, இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்துட்டு அந்தத் தொகையை உங்ககிட்ட வசூலிக்க முயலவும் வழி இருக்கு. அந்தத் தொகைக்கு மேல் எல்லை கிடையாது. வீட்டுல அப்பா பேர்ல இருக்கிற நிலம் வரைக்கும் கவலை வந்துடும்.

இது நடக்க வாய்ப்பு குறைவுதான். ஆனா வாய்ப்பு குறைவு, அடி பெருசுன்னு இருக்கிற விஷயத்துக்குத்தான் நாம இன்சூரன்ஸே வாங்குறோம். அந்த இன்சூரன்ஸையே ஆட்டம் காண வைக்கிற செலவுக்கு விலை 41,300 இல்லை நண்பர்களே.

சம்பளக்காரங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

உங்க கார் கம்பெனி லீஸ்ல வந்ததா? அப்போ அது உங்க கார் இல்லை. உரிமையாளர் லீஸ் கம்பெனி. அதுல ரீமேப் பண்றது வாடகை வீட்டுல சுவரை இடிக்கிற மாதிரி. வேலையை விடும்போது காரைத் திருப்பிக் கொடுத்தா மாற்றத்துக்கான கணக்கு உங்க ஃபைனல் செட்டில்மென்ட்ல வந்து நிக்கும்.

வரி விஷயத்துல ஒரு நல்ல செய்தி உண்டு. 1962 வருமான வரி விதிகள்படி, கம்பெனி கொடுத்து செலவையும் ஏத்துக்கிற, சொந்த வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் ஓடுற காருக்கு, எஞ்சின் 1.6 லிட்டருக்குள்ள இருந்தா மாசம் 1,800 ரூபாய், மேல போனா 2,400 பெர்க்விசிட்டா கணக்கிடறது வழக்கமா இருந்தது. இதுல பார்க்கிறது சி.சி.-யை, குதிரைத்திறனை இல்லை. அதனால 1 லிட்டர் டர்போ, 1.5 லிட்டர் டர்போ எல்லாமே சின்ன கார் கணக்குலதான் வருது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைங்கிறதால இப்போதைய தொகையை உங்க பேரோல் டீம்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. சொந்த கார்ல பண்ற ரீமேப் செலவுக்குச் சம்பள வருமானத்துல எந்தக் கழிவும் கிடையாது.

அப்போ என்னதான் பண்றது?

நான் வரிசைப்படுத்தினா இப்படித்தான்:

1. *முதல்ல இருக்கிற பவரை முழுசா வாங்குங்க.* டயர் காத்து, வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், சரியான கிரேடு ஆயில். டர்போக்கு ஆயில்தான் உயிர். "கார் இழுவை குறைஞ்சு போச்சு"ன்னு வர்ற புகார்ல பாதி இங்கயே தீர்ந்துடும். நல்ல டயர் செட் மாத்தினா, திருப்பத்துல வர்ற நம்பிக்கையை எந்த ரீமேப்பும் கொடுக்காது.

2. *வாரண்டி, கடன் ரெண்டுல எது பாக்கி இருந்தாலும் ரீமேப்பைத் தள்ளிப் போடுங்க.* கடன் முடியட்டும், வாரண்டி முடியட்டும். அப்பவும் ஆசை அப்படியே இருந்தா அது உண்மையான ஆசை. அது வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க; நாலு வருஷத்துல 48,000 அசலே சேர்ந்திடும். காலம் தீர்ந்து போனா சட்டம் தீர்ந்து போகாதுங்கிறதையும் மறக்காதீங்க. பிரிவு 52 அப்பவும் இருக்கும்.

3. *பண்ணியே தீருவேன்னா இந்த அஞ்சைக் கேக்காம பண்ணாதீங்க:* ஜி.எஸ்.டி. பில் தருவீங்களா? என் காரோட ஒரிஜினல் ஃபைலை என்கிட்டயே கொடுப்பீங்களா? அதே டைனோ மெஷின்ல, அதே நாள்ல, முன்னாடியும் பின்னாடியும் அளந்து காட்டுவீங்களா? எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியிருக்கீங்க, இ20-க்குச் சோதிச்சீங்களா? கியர்பாக்ஸ் வரம்புக்குள்ள டார்க்கை நிறுத்துவீங்களா? அதோட, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சு எழுத்துலயே பதில் வாங்குங்க. பதில் "முடியாது"ன்னு வந்தா உங்க முடிவும் அதுதான்.

4. *ஸ்டேஜ் 2-க்கு மேல ரோட்ல ஓடுற காருக்கு வேணாம்.* இதுல ரெண்டாவது யோசனையே இல்லை.

5. *வேகம்தான் ஆசைன்னா, அதுக்கான இடத்துக்குப் போங்க.* நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ஒரு காலத்துல கார் பந்தயம் நடந்தது. அது 1990-ல இருங்காட்டுக்கோட்டைக்கு நிரந்தரப் பாதையா மாறிச்சு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட 3.7 கிலோமீட்டர் சர்க்யூட். நம்ம நண்பர் வேலைக்குப் போற வழியில இருந்து கொஞ்ச தூரம்தான். டிராக் டேயோ பயிற்சி வகுப்போ நடக்கும்போது விசாரிச்சுப் போங்க. எங்க ஊர்க் கோயில் கதையில சிவனும் காளியும் ஆட்டப் போட்டி போட்டதுக்கு ரத்தின சபைன்னு ஒரு மேடை இருந்தது. போட்டின்னா அதுக்கு ஒரு சபை வேணும். கரும்பு லாரியும் டிராக்டரும் பள்ளிக்கூடச் சைக்கிளும் போற பேரம்பாக்கம் ரோடு அந்தச் சபை இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு: டிராக்ல நடக்கிற சேதத்தைச் சாதாரண கார் பாலிசி ஏத்துக்காது. அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

நம்ம நண்பருக்கு என் பதில் இதுதான். போனஸ்ல முதல் பங்கு எமர்ஜென்சி ஃபண்டுக்கு. அது ஆறு மாசச் செலவுக்கு நிரம்பியிருந்தா, 41,300 கார் கடனுக்கு. ரெண்டும் போக மீதி இருந்தா நல்ல டயரும் டிராக்ல ஒரு நாளும். ரீமேப்பை இன்னும் நாலு வருஷம் கழிச்சு, கடன் இல்லாத கார்ல, தெளிந்த மனசோட மறுபடி பேசுவோம். அப்போ அவர் கைக்கு ஷோரூம்லயே அந்தப் பவரோட வர்ற கார் வாங்குற சம்பளம் வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

உங்க காரோட எண்களைப் போட்டுப் பார்க்க இந்தக் கணக்கு ஷீட்டோட ஒரு வீடியோ நம்ம சேனல்ல வருது. உங்க இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவை எடுத்து, மாற்றங்கள் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வந்து பாருங்க. ரெண்டு பக்கம்தான், பத்து நிமிஷம் ஆகும்.

அடுத்த பதிவுல சந்திப்போம். சீட் பெல்ட் போட்டுக்கோங்க, இ.எம்.ஐ. தேதியை மறக்காதீங்க!